கண்ணாடித் தொட்டிக்குள் கடல்

கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்தது யாழ்ப்பாணக் குடாநாடு. இங்கு வாழ்வோர் சிலர், வீட்டு முன்னறையில் கண்ணாடித் தொட்டியொன்றை வைத்து, அதிற் கடல் மீன்களை வளர்க்க விரும்புகின்றனர். இது கண்ணுக்கும் மனத்துக்கும் இனிய பொழுதுபோக்கு என்பதில் ஐயமில்லை. ஆயினும் தொட்டி வாங்கியவுடன் எழும் முதல் வினா, அதனை எதனால் அழகுபடுத்துவது என்பதே. பெரும்பாலோர் நினைவுக்கு உடனே வருவது முருகைக்கல். அதனைத் தீவுப் பகுதிக் கரையோரங்களிற் பெயர்த்தெடுத்துவந்து தொட்டியில் நிறுத்திவிட்டால் அழகு நிறைந்துவிடும் என்பது பலரின் எண்ணம்.

இவ்வெண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு சான்று. 1853ஆம் ஆண்டில் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன்களுக்கென ஒரு கூடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் கொஸ் என்னும் இயற்கை நூலறிஞர் மீன்தொட்டியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலைப் படித்தோர் கூட்டங் கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்று, பாறைக் குழிகளில் இருந்த உயிர்களையெல்லாம் வாரிச் சென்றனர். கரைகள் வெறுமையாயின. அவ்வழிவைப் பின்னர், 1907இல், துயரத்தோடு எழுதிவைத்தவர் அவருடைய மகன் எட்மண்ட் கொஸ். அழகை விரும்பியவர்களே அழகை அழித்த கதை இது.

முருகைக்கல் வெறுங்கல் அன்று. மிகச் சிறிய உயிர்கள் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துக் கட்டிய வீடு அது. உருண்டையாக வளரும் முருகை இனங்கள் பல ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் அளவே வளர்வன. எனவே ஒரு தேங்காயளவு முருகையைப் பெயர்ப்பவர், பல ஆண்டுக்கால உழைப்பை ஒரு நொடியில் அழிக்கின்றார். மேலும், 1998ஆம் ஆண்டில் இந்துமாகடல் நீர் மிகவும் சூடேறியபோது இலங்கையின் ஆழமற்ற முருகைத் திட்டுக்கள் பல வெளிறி மடிந்தன. எஞ்சியவை மீன்குஞ்சுகளுக்கு உறைவிடமாகவும், கரையை அலையினின்று காக்கும் அரணாகவும் நிற்கின்றன. மீனவர் பிழைப்பு அவற்றைச் சார்ந்தது. முருகைக்கல் அகழ்வதை இலங்கைச் சட்டம் தடுத்திருப்பதன் காரணமும் இதுவே.

அவ்வாறாயின் தொட்டியை அழகுபடுத்தும் வழி யாது? விடை காலடியிலேயே கிடக்கின்றது. குடாநாட்டு நிலத்தின் அடியிற் பரந்துள்ள சுண்ணாம்புக்கல், மயோசீன் காலத்துக் கடலிற் படிந்து உண்டானது. அக்காலம் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. கிணறு வெட்டும்போது வெளிவந்து வளவின் மூலையிற் கிடக்கும் துளைகள் நிறைந்த கற்கள் நாலைந்து போதும். வினாகிரி சில துளிகள் விட்டால் நுரைப்பது சுண்ணாம்புக்கல். அதனைத் தூரிகையால் நன்கு தேய்த்துக் கழுவி, பல நாள் நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றவேண்டும். நெருப்பிலிட்டுச் சுடுதல் கூடாது. சுட்டால் அது நீற்றுச் சுண்ணாம்பாகி மீனைக் கொல்லும்.

கடல்நீர்த் தொட்டியில் கல் வெறும் அலங்காரமன்று. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு பிறக்கின்றது. கல்லின் துளைகளிலும் மணலிலும் குடியேறும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரங்கள் செல்லலாம். அதுவரை மீனை விடாது பொறுத்திருத்தல் வேண்டும்.

கல்லை முதலில் அடித்தளத்தில் உறுதியாக இருத்தி, அதன் பின்னரே மணலை இடவேண்டும். இல்லையேல் மணலைத் தோண்டும் மீன்கள் கல்லைச் சரித்துவிடும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே கை நுழையும் இடைவெளி இருந்தால் துப்புரவு செய்தல் எளிது. கற்களுக்கிடையே ஒளிந்துகொள்ளச் சிறு குகைகளும், முன்புறத்தில் நீந்துவதற்கு வெளியும் அமையட்டும். செம்பு, பித்தளைப் பொருள்களை உள்ளே வைத்தல் ஆகாது. செம்பு நண்டு, இறால் போன்றவற்றுக்கு நஞ்சு. சங்கு வேண்டுமாயின் வீட்டில் உள்ள பழஞ்சங்கே போதும். கரையிற் கிடக்கும் வெற்றுச் சங்குகள் துறவி நண்டுகளுக்கு வீடாக வேண்டியவை.

நீரிலும் கவனம் வேண்டும். திறந்த கடலின் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. கடல்நீரேரியின் உப்போ மாரியிற் குறைந்து கோடையில் மிகும். ஆதலின் அந்நீர் ஏற்றதன்று. தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடுவதால், குறைந்த அளவுக்கு நன்னீரையே சேர்க்கவேண்டும். அதற்குக் கிணற்று நீரை நம்புதல் தகாது. தோட்டங்களுக்கு இடும் உரத்தினால் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. காய்ச்சி வடித்த நீரே நன்று.

இவ்வாறு அமைத்த தொட்டி முதலில் வெறுமையாகவே தோன்றும். மாதங்கள் செல்லச் செல்ல, வெண்கல் பசுமையும் செம்மையும் படர்ந்து உயிர்பெறும். அந்த அழகுக்காகக் கடலிலிருந்து ஒரு முருகையையும் பெயர்க்க வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே அதற்குக் கொடுக்கும் விலை.