பக்கத்துக் காற்று
வளிமண்டல அறிவியல் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை



நாம் அமர்ந்திருக்கும் இந்த அரங்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் இருக்கும். இதற்குள் அடைந்திருக்கும் காற்றை மட்டும் எடை போட முடிந்தால் தராசு 4 டன்னுக்கு மேல் காட்டும். வளர்ந்த ஆண் யானை ஒன்றின் எடை அது. காற்றுக்கு எடை உண்டு என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் காற்று ஏறுகிறது, இறங்குகிறது, வீசுகிறது என்று பேசும்போது அந்த எடையை மறந்துவிடுகிறோம்.

நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில் "சூடான காற்று மேலே எழும்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்து, "சார், சூடான காற்று மேலே போகும்னா கொடைக்கானல்தானே எங்க ஊரைவிடச் சூடா இருக்கணும்?" என்று கேட்டாள். மலையில் காற்று மெல்லியது, அதனால் குளிர்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவள் தலையாட்டினாள், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று இந்த அவையில் சொல்ல விரும்புகிறேன்.

வெயில் பெரும்பாலும் காற்றை ஊடுருவி வந்து தரையைத்தான் காய்ச்சுகிறது. காய்ந்த தரை, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று விரிகிறது. 38 டிகிரியில் உள்ள ஒரு கனமீட்டர் காற்று, 35 டிகிரியில் உள்ள பக்கத்துக் காற்றைவிட ஏறக்குறைய 11 கிராம்தான் எடை குறைவு. அந்த 11 கிராம் போதும். கனமான பக்கத்துக் காற்று அடியில் புகுந்து அதை மேலே தள்ளிவிடுகிறது. மட்டையோடு ஒரு தேங்காயைக் கிணற்றுத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். அதை மேலே கொண்டுவருவது தண்ணீர். அதுபோலச் சூடான காற்றும் தானாக ஏறுவதில்லை, ஏற்றப்படுகிறது.

ஏறிய பிறகு நடப்பதைத்தான் நம் பாடம் விட்டுவிட்டது. மேலே போகப்போக அதன் தலைக்கு மேலிருக்கும் காற்றின் பாரம் குறைகிறது, அழுத்தம் குறைகிறது, அது இன்னும் விரிகிறது. விரிய வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றை நெட்டித் தள்ள வேண்டும். அந்த வேலைக்கான ஆற்றலைத் தன் சொந்த வெப்பத்திலிருந்துதான் எடுக்க முடியும். சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கும்போது விரலை வைத்துப் பாருங்கள். சீறி வரும் காற்று ஜில்லென்று இருக்கும். ஈரம் திரளாத காற்று 1 கிலோமீட்டர் ஏறினால் 9.8 டிகிரி குளிர்கிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏற்றம் சுமார் 1,800 மீட்டர். கீழே 38 டிகிரியில் கிளம்பும் காற்று, மேலே போய்ச் சேரும்போது 20 டிகிரி. மே மாத நண்பகலில் கொடைக்கானலின் வெப்பம் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி.

இறங்கும் காற்றுக்கு இதே கணக்கு தலைகீழ். அது நசுங்கிச் சூடாகிறது. தென்மேற்குப் பருவத்தில் மலை ஏறும் காற்று கேரளப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்குகிறது. குற்றாலத்தில் சாரல், அங்கிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் திருநெல்வேலியில் அதே நாளில் வறண்ட அனல்.

ஏறுவதும் எப்போதும் நடப்பதில்லை. இதற்குப் போகிப் பண்டிகையைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. சென்னையில் விடியற்காலை நான்கு மணிக்குத் தெருத்தெருவாகப் பழைய பாயும் துணியும் எரிகின்றன. நெருப்பிலிருந்து கிளம்பும் புகையைவிடச் சூடான காற்று அந்த நேரத்தில் ஊரில் வேறு எது? ஆனால் அது வீட்டு மாடிகளின் உயரம் தாண்டியதும் தயங்கி நின்று, பக்கவாட்டில் படர்ந்து, தெருவிளக்கை மங்கலாக்கிவிட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. விமானங்கள் இறங்க முடியாமல் தவித்த போகிகள் உண்டு. காரணம், தை பிறக்கும் முன்னான அந்தத் தெளிந்த, காற்றசைவில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேலே இருப்பது இளஞ்சூடான காற்று. ஏறும் புகை தன் வழியில் குளிர்ந்துகொண்டும், குளிர்ந்த காற்றோடு கலந்துகொண்டும் போகிறது. சுற்றியிருக்கும் காற்றோ மேலே போகப்போக வெதுவெதுப்பாகிறது. ஓரிடத்தில் புகை பக்கத்துக் காற்றைவிடக் கனமாகிவிடுகிறது. அதோடு ஏற்றம் முடிந்தது. வெயில் ஏறித் தரை காய்ந்து, அடியிலிருந்து காற்று புரளத் தொடங்கிய பிறகே புகை கலைகிறது. நெருப்பின் சூட்டை மட்டும் அளந்தால் இதில் எதுவும் புரியாது. பக்கத்துக் காற்றையும் அளக்க வேண்டும்.

அழுத்தத்துக்கும் இதே விதிதான். கார்த்திகை மாதத்தில் தமிழ்நாட்டில் "காற்றழுத்தத் தாழ்வு" என்ற சொல் கேட்காத வீடு இல்லை. எதைவிடத் தாழ்வு என்று நாம் கேட்டதுண்டா? கடல்மட்டத்தில் சராசரி அழுத்தம் 1,013 ஹெக்டோபாஸ்கல். தீவிரப் புயலின் மையத்தில் அது 980 அளவுக்கு இறங்கலாம். நூற்றுக்கு நான்கு பங்குகூட முழுதாகக் குறையவில்லை. ஆனால் கடல்மட்டத்துக்கு 410 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயம்புத்தூரில், மேகமே இல்லாத சாதாரண நாளில், கருவி காட்டும் அழுத்தம் அதைவிடவும் குறைவு. அங்கே மரம் சாய்வதில்லை. உயரத்தால் வரும் அழுத்த வித்தியாசத்தைக் காற்றின் எடையே தாங்கிச் சமன் செய்துவிடுகிறது. அந்த யானையின் வேலை அது. ஒரே மட்டத்தில், பக்கத்துப் பக்கத்தில் வித்தியாசம் வரும்போதுதான் தாங்க ஆளில்லாமல் காற்று ஓடத் தொடங்குகிறது. அதனால்தான் வானிலையாளர்கள் எல்லா ஊர் அளவையும் கடல்மட்டத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுகிறார்கள்.

ஓடும் காற்றும் நேரே தாழ்வுக்குள் போவதில்லை; பூமியின் சுழற்சி அதை வடகோளத்தில் வலப்பக்கம் ஒதுக்குகிறது. 1857-இல் டச்சு அறிஞர் பைஸ் பல்லட் இதை ஒரு கைக்கணக்காக்கிக் கொடுத்தார். நம் வடகோளத்தில், வீசும் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு இடக்கைப் பக்கம் இருக்கும். சென்னைக் கரையில் வாடை வலுக்கும் நாளில் வடக்கே முதுகு காட்டி நின்று இடக்கையை நீட்டுங்கள். கை கடலைக் காட்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. நாளெல்லாம் வடக்கிலிருந்து அடித்த காற்று, மையம் தலைக்கு மேல் வந்தபோது ஓய்ந்தது. புயலின் மையத்தில் காற்று ஏறுவதில்லை, மெல்ல இறங்குகிறது. ஓய்ந்தது என்று நம்பி வெளியே வந்து, விழுந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் ஏராளம். மையம் மேற்கே நகர்ந்ததும் தாழ்வு மறுபக்கம் போய்விட்டது. காற்று தெற்கிலிருந்து திரும்ப அடித்தது. இந்தத் திருப்பம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி நம் மொழியில், ஒரு பக்கத்தில் எழுதிவிடக் கூடியது. அதை இன்னும் எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுசேர்க்காமல் இருக்கிறோம் என்பது எனக்கு வேதனை.

இந்த இரண்டு நாளில் கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வெப்பம் என்று ஓர் எண்ணைச் சொன்னால், எந்த உயரத்தில் என்று சொல்லுங்கள். பக்கத்தில் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழுத்தம் என்றாலும் அப்படியே. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் கேள்வி கேட்டால், பதில் தெரியாதபோது தெரியாது என்று சொல்லி, அந்தக் கேள்வியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளை மாலை நிறைவு அமர்வில் அந்தத் தாள்களை எடுத்து வைத்துப் பேசுவோம்.

முதல் அமர்வு கடற்காற்றும் கரைக்காற்றும் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.