கீரன் சென்ற நாட்டுக்கு ஒரு பயணம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவன் நான். இவ்வாண்டு என்னையும் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். நானோ புகைவண்டி அலுவலகத்தில் கணக்கு எழுதும் எழுத்தன்; பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. கால அட்டவணையைப் பார்த்துப் பயணத்திற்குத் திட்டம் வகுக்க மட்டுமே அறிவேன். ஆகவே, நான் திட்டமிட்டிருக்கும் ஒரு பயணத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

அப்பயணம் காசிக்கும் அன்று, இமயத்துக்கும் அன்று. அரபு நாட்டுப் பாலைவனத்திலே, ஓமான் நாட்டின் தென்பகுதியாகிய தோஃபாரிலே, ஷிசர் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அங்கே இடிந்து கிடக்கும் ஒரு பழங்கோட்டையைக் காண்பதற்கே செல்லவிருக்கிறேன்.

"பாழடைந்த கோட்டையைப் பார்க்கப் பணம் செலவழித்துக் கடல் கடப்பானேன்?" என்று நீங்கள் வினவலாம். என் வீட்டிலும் அதே கேள்விதான் முதலில் எழுந்தது. அதற்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

நம்முள் பலர் நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வேலையின் பொருட்டு வந்து இந்தச் செங்கலில் குடியேறியவர்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலே நின்றது. எல்லைக்கோடு நடுவே வீழ்ந்தாலும், பிழைப்புத் தேடிப் போகும் திசை இருபுறத்தாருக்கும் ஒன்றாகவே இருந்தது. அது கடலுக்கு அப்பாலுள்ள மேற்றிசை. உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலை வரை நடந்து பாருங்கள். அரபு நாட்டுப் பணத்தால் எழுந்த வீடுகள் எத்தனை! அந்நாட்டிலே மகனையோ, தம்பியையோ, கணவனையோ விட்டுவிட்டுக் காத்திருந்த இல்லங்கள் எத்தனை!

எனினும், நண்பர்களே, அந்நாட்டைப் பற்றி நாம் அறிந்தது என்ன? மாதந்தோறும் பணம் வரும் திசை என்பதற்கு மேல் ஏதேனும் அறிவோமா?

என் தமையனார் 22 ஆண்டுகள் தோஃபாரில் சாலைப் பணி செய்தவர். அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் படித்தேன். எங்கள் தங்கைக்குத் திருமணம் நடந்தது. ஊர் திரும்பிய பின், "அந்த நாடு எப்படி அண்ணா?" என்று கேட்டால், "வெயில், தம்பி, வெயில்தான்" என்பார். அவ்வளவே. ஒரு நாள் செய்தித்தாளில் ஷிசர் கோட்டையின் படத்தைக் காட்டினேன். "இந்தப் பெயர் எழுதிய பலகையை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். அந்தப் பக்கம் வண்டி ஒரு நாளும் திரும்பவில்லை. கடவுச்சீட்டு முதலாளி கையில், விடுமுறை நாள் என்றால் துணி துவைக்கவும் தூங்கவும்தான்" என்றார். 22 ஆண்டுகள் வாழ்ந்த நாட்டைப் பாராமலே திரும்பினார் என் அண்ணன்! அன்றுதான் இப்பயணத்தின் எண்ணம் என் மனத்தில் தோன்றியது.

அவர் காணத் தவறிய நாடு எத்தகையது? சற்றே கூறுகிறேன்.

ஸலாலா என்பது தோஃபாரின் தலைநகர். அரபு நாடு என்றவுடன் மணலையே நினைக்கும் நமக்கு அந்நகர் பெரும் வியப்பளிக்கும். அங்கே தென்னந்தோப்பு உண்டு, வாழை உண்டு. நம் ஊரில் காலவர்ஷம் பெய்யும் நாட்களிலே, ஜூன் மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, அதே தென்மேற்குக் காற்று அங்கும் பனிமூட்டத்தையும் தூறலையும் கொண்டு சேர்க்கிறது. 'கரீஃப்' என்று அதனை அரபியர் போற்றுகின்றனர். அக்காலத்தில் அம்மலைச் சரிவு முழுதும் பச்சைப் பசேலென்று விளங்கும். 14ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா, அவ்வூர்த் தென்னையையும் வெற்றிலையையும் வியந்து எழுதியுள்ளார். கள்ளிக்கோட்டையிலிருந்து சாதகமான காற்றில் 28 நாட்களில் அங்குப் போய்ச் சேர்ந்ததாகவும் குறிப்பிட்டுள்ளார்.

ஆனால் மலையின் உச்சியைத் தாண்டியதும் காட்சி மாறிவிடும். மூடுபனி அங்கே நின்றுவிடுகிறது. அப்பால் வறண்ட கற்றரை. அவ்வறட்சியிலேதான் அந்நாட்டின் பழஞ்செல்வம் வளர்ந்தது. லுபான் என்று அரபியர் வழங்கும் நறும்பிசின் மரமே அச்செல்வம். மரப்பட்டையைச் சீவிவிட்டால் பால் போலப் பிசின் கசிந்து, சில வாரங்களில் உலர்ந்து கட்டியாகும். நாம் சாம்பிராணி இடுவதுபோல அதனை நெருப்பிலிட்டுப் புகைப்பர். எகிப்து, ரோமாபுரி முதலிய நாடுகளின் கோயில்களெல்லாம் அதற்காகப் பொன்னைக் கொட்டிக் கொடுத்தன.

அப்பிசினை ஏற்றிச் சென்ற ஒட்டகச் சாத்துகளுக்குப் பாலைவன விளிம்பிலே நீர் அளித்த ஊர்களுள் ஷிசரும் ஒன்று. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்ட்ரம் தாமஸ் என்னும் ஆங்கிலேயர் ஸலாலாவிலிருந்து புறப்பட்டு, 'வெற்றிடம்' என்று பெயர்பெற்ற பெருமணற் பாலையைக் கடந்தார். மணலில் பதிந்து கிடந்த பழைய தடங்களைக் காட்டி, "உபார் நகரத்துக்குப் போகும் வழி இது" என்று அவருடைய வழிகாட்டிகள் கூறினர். செல்வச் செருக்கால் அழிந்த நகரம் உபார் என்பது அவர்தம் வாய்மொழிக் கதை. திருக்குர்ஆனில் கூறப்படும் தூண்கள் மிக்க இரம் நகரமும் இதுவே என்பாருண்டு. பிற்காலத்தில் வானவெளியிலிருந்து எடுத்த படங்களில் அப்பழந்தடங்களைத் தேடிப் பார்த்து, அவை ஒன்றுகூடும் இடம் ஷிசர் எனக் கண்டு, அமெரிக்க, ஆங்கிலேய ஆய்வாளர்கள் அங்கு அகழ்ந்தனர். கோட்டைச் சுவரும் கோபுரங்களின் அடிப்பகுதியும் வெளிப்பட்டன. 1992ஆம் ஆண்டில் இச்செய்தி உலகெங்கும் பரவியது. அதுவே கதையில் வரும் நகரம் என்பதை அறிஞர் அனைவரும் ஒப்பவில்லை. ஆயினும், 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் தோஃபாரின் நான்கு இடங்களைச் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, ஷிசரும் அவற்றுள் இடம்பெற்றது.

அங்கே போனால் பொற்றூண்களைக் காண முடியாது. சில சுவர்களும், நடுவே நிலம் உள்வாங்கிய ஒரு பெரும் பள்ளமுமே காணலாம். கோட்டையின் அடியில் சுண்ணாம்புப் பாறைக் குகையும் நீரூற்றும் இருந்தன. அந்த நீருக்காகவே ஊர் தோன்றியது. காலப்போக்கில் குகையின் கூரை இடிந்து வீழ, கோட்டையின் ஒரு பகுதியும் அதனோடு உள்ளே சரிந்தது. எந்தக் கிணறு அந்த ஊரைப் பெற்றதோ, அந்தக் கிணறே அதனை விழுங்கியது. நிலத்தடி நீரை இயந்திரம் வைத்து இரவும் பகலும் இறைக்கும் நமக்கு இதில் பாடம் இல்லையா?

இனி, தமிழராகிய நமக்கே உரிய செய்தி ஒன்று உண்டு. ஸலாலாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கோர் ரோரி என்னும் கழிமுகத்தருகே, சும்ஹுரம் என்ற பழந்துறைமுகத்தின் இடிபாடுகள் உள்ளன. கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய 'எரித்திரையக் கடற் பயண நூல்' இத்துறையை 'மோஸ்கா' என்று குறிப்பதாக அறிஞர் கருதுகின்றனர். தமிழகத்தின் மேலைக் கரையிலிருந்து வரும் கப்பல்கள், பருவம் தாழ்ந்துவிட்டால் அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கும் என்றும், துணியும் தானியமும் எண்ணெயும் கொடுத்து நறும்பிசின் பெற்றுச் செல்லும் என்றும் அந்நூல் கூறுகிறது. துணி கொடுத்தது நம் கரை! பாலராம வர்மா மகாராஜா காலத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்ச் சாலியர் வழி வந்தோரின் தறியோசையை இன்றும் பாலராமபுரத்தில் கேட்கும் நமக்கு, இது அயலார் செய்தி ஆகுமா?

அந்தக் கோர் ரோரியிலே, 2006ஆம் ஆண்டு இத்தாலிய அகழ்வாய்வுக் குழுவினர் ஒரு பானை ஓட்டைக் கண்டெடுத்தனர். அதில் தமிழ்-பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. 2012ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தது. ஐராவதம் மகாதேவன் முதலிய அறிஞர்கள் அதனை ஆராய்ந்தனர். 'ணந்தை கீரன்' என்பது அதன் வாசகம். கீரன்! சங்கப் புலவர் பலர் தாங்கிய பெயரல்லவா அது! ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம்மவன் ஒருவனின் பெயர் அரபு மண்ணில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இச்செய்தியைப் பெருமிதத்தோடு என் தமையனாரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்தக் கீரன் ஊர் திரும்பினானா, தம்பி?" என்று கேட்டார்.

பெரியோர்களே, எனக்கு விடை தெரியவில்லை. கீரனே அங்குச் சென்றானோ, அவன் பெயர் தாங்கிய கலம் மட்டும் சென்றதோ, அதனை ஓட்டுத்துண்டு கூறவில்லை. பழம்பெருமை பேச வந்த என் வாயை அந்த ஒரு கேள்வி அடைத்துவிட்டது. திரும்பி வருவது எத்துணை அரிது என்பதை, அங்கே 22 ஆண்டுகள் இருந்தவர் அறிவார். உடன் உழைத்தவர் சிலர் பெட்டியில் திரும்பியதை அவர் கண்ணாரக் கண்டவர். என் அண்ணன் உயிரோடு திரும்பினார். ஆனால் அவருடைய வாழ்நாளின் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிட்டது. அதனைப் பார்த்து வரத்தான் அவரை அழைத்துச் செல்கிறேன். அன்று கூலியாளாகச் சென்றவர், இம்முறை விருந்தினராகச் செல்வார்.

இனி, திட்டத்தைக் கூறுகிறேன். பின்னால் செல்ல விரும்புவோர்க்கு இது பயன்படலாம்.

முதலாவது, காலம். ஸலாலாவின் பசுமையைக் காண வேண்டின் ஆகஸ்ட் மாதம் ஏற்றது. ஆனால் ஷிசரில் அப்போது வெயில் சுட்டெரிக்கும். பாலைவனத்துக்கு டிசம்பரும் ஜனவரியுமே உகந்தவை. ரமலான் நோன்பு மாதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது நம் நாட்காட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். அம்மாதத்தில் பகல் வேளையில் பொது இடத்தில் உண்பதும் நீர் அருந்துவதும் அந்நாட்டில் தகாது. இவற்றை எண்ணியே ஜனவரியைத் தேர்ந்தேன்.

இரண்டாவது, வழி. திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட் நகருக்கு வானூர்தியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். நம் கடிகாரத்தை அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னே தள்ளிவைக்க வேண்டும். மஸ்கட்டிலிருந்து ஸலாலா ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். பயணிகள் புகைவண்டி அங்கே இல்லை என்பது எனக்கு ஒரு குறையே! பேருந்தும் வானூர்தியும் உண்டு. அண்ணன் பேருந்தையே விரும்புகிறார். தாம் இட்ட சாலையில் ஒரு முறை அமர்ந்து செல்ல வேண்டுமாம். ஸலாலாவிலிருந்து வடக்கே தும்ரைத் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அங்கிருந்து ஷிசர் மேலும் 100 கிலோமீட்டரளவு. விடியலில் புறப்பட்டு, பொழுது சாயுமுன் திரும்பிவிடுவதே முறை. இருட்டியபின் சாலையின் குறுக்கே ஒட்டகம் வந்து நிற்கும்.

மூன்றாவது, ஆவணங்கள். அரசு ஊழியராகிய நம்போன்றோர் வெளிநாடு செல்ல அலுவலக அனுமதியை முன்னதாகவே பெற வேண்டும். நான் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். கடவுச்சீட்டு ஆறு மாதத்திற்குக் குறையாத காலம் செல்லுபடியாவதாக இருத்தல் நலம். விசா விதிகளைத் தூதரக அறிவிப்பில் புறப்படுமுன் மீண்டும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

நான்காவது, நடந்துகொள்ளும் முறை. பாலைக்குத் தனி வண்டியில் தனியே போகலாகாது. வழியறிந்த உள்ளூர்க்காரர் துணை வேண்டும். குடிநீர் தேவைக்கு இருமடங்கு எடுத்துச் செல்க. பெண்களைக் கேளாமல் படம் பிடிக்கலாகாது. இடிபாடுகளில் கிடக்கும் ஓட்டுத்துண்டு ஒன்றையும் எடுத்து வரலாகாது. கீரனின் ஓடு கிடந்த இடத்தில் கிடந்ததனால் அன்றோ இன்று நமக்குக் கிடைத்தது!

தாய்மார்கள் கோயில் உண்டா என்று கேட்பீர்கள். பழைய மஸ்கட்டில் நூறாண்டு கடந்த சிவன் கோயில் உண்டு. செங்கல் மகேசுவரத்து ஈசனை வணங்கிப் புறப்பட்டு, மஸ்கட்டு ஈசனையும் வணங்குவோம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். உங்களில் சிலரும் நாளை அக்கடலைக் கடப்பீர்கள். கடவுங்கள், உழைப்பது இழிவன்று. ஆனால் போகும் நாட்டின் மொழியில் பத்துச் சொற்களையேனும் கற்றுக்கொண்டு போங்கள். விடுமுறை நாளில் ஒரு நாளையாவது அந்நாட்டைக் காண ஒதுக்குங்கள். நம்மை உண்பித்த நாட்டைக் கண்ணால் பாராமல் திரும்புவது, விருந்திட்டவர் முகத்தைப் பாராமல் உண்டு எழுவதை ஒக்கும்.

நான் பயணம் முடிந்து திரும்பியதும், அடுத்த ஆண்டு விழாவில் கண்டவற்றைக் கூறுவேன். அல்ல, நான் கூற மாட்டேன். என் தமையனாரையே இம்மேடையில் ஏற்றுவேன். "அந்த நாடு எப்படி?" என்று நீங்களே அவரைக் கேளுங்கள். 'வெயில்' என்ற ஒரு சொல்லுக்கு மேலும் அவர் பேசினால், என் பயணம் பயன் தந்தது என்று கொள்வேன்.