பரமபதம் இல்லாத பலகை

(ஜனவரி 26 அன்று கொடியேற்றத்துக்குப் பிறகு நம் கம்யூனிட்டி ஹாலில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)

பொங்கல் ஆறுகிறது என்று சமையல்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கிளப் ஹவுஸ் வைஃபையை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து நாள் முழுக்க கேம் ஆடுகிறார்கள் என்பது புகார். புகாரில் பொய் எதுவும் இல்லை. "வங்கியில் 34 வருஷம் இருந்தவர், இரண்டு வார்த்தை புத்தி சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டார். என் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

சென்ற தீபாவளி சமயத்தில் என் கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 29 ரூபாய், 89 ரூபாய், மறுபடி 89, ஒரு 449. எல்லாம் சில்லறை. கூட்டிப் பார்த்தால் 11,460 ரூபாய். கரன்ட் பில் கட்ட என் டேப்லெட்டில் கார்டைப் பதிந்து வைத்திருந்தேன். பன்னிரண்டு வயதுப் பேரன் அதில்தான் ஆடுகிறான். ஆட்டம் இலவசம். பணம் போனது அதற்குள்ளே இருக்கும் உடுப்புக்கும் துப்பாக்கிச் சாயத்துக்கும். அவன் அப்பா அடிக்கக் கை ஓங்கினான். "நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் தாத்தா வாங்கினேன்" என்று பையன் அழுதான். அவன் சொன்னது உண்மைதான். அந்த ஆட்டத்தில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விற்கிறார்கள்.

கடைசி மூன்று வாங்கலுக்கு மட்டும் பணம் திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான். சரி, கொடுத்த காசுக்கு என்னதான் கிடைத்தது பார்ப்போம் என்று நானே பேரன் பக்கத்தில் உட்கார்ந்து ஆடத் தொடங்கினேன். மூன்று மாதமாக ஆடுகிறேன். என் மனைவி இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள்.

ஒரு வங்கிக்காரன் கண்ணுக்கு முதலில் பட்டது நாணய மாற்று. ரூபாய் கொடுத்தால் அவர்கள் காசு தருகிறார்கள். 89 ரூபாய்க்கு 100 காசு. பேரன் ஆசைப்பட்ட உடுப்பு 180 காசு. ஆக இரண்டு பேக் வாங்க வேண்டும். வாங்கினால் 20 காசு மிஞ்சும். அந்த இருபதுக்கு எதுவும் வராது. வீணாக விட மனசும் வராது. இன்னொரு பேக் வாங்குவோம். இதை வடிவமைத்தவனுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். ஊர்த் திருவிழாவில் குடை ராட்டினத்துக்கு டோக்கன் விற்பார்களே, அதுபோல. மிச்ச டோக்கனை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள். மேலே "இன்னும் 2 மணி நேரம் மட்டும்" என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாள் பார்த்தால் வேறு கடிகாரம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஃபோர்ட்நைட் ஆட்டத்தின் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்க அரசிடம் 520 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 245 மில்லியன், தெரியாமல் வாங்க வைக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018இல் சொல்லிவிட்டது. நம் நாட்டிலும் 2023 நவம்பரில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். பொய்யான அவசரம் காட்டுவது அதில் ஒன்று. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள்.

"அதுதான் ஆன்லைன் கேமையே தடை செய்துவிட்டார்களே" என்று போன வாரம் லிஃப்ட்டில் ஒருவர் கேட்டார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடுக்கிறது. ரம்மி மாதிரி. தமிழ்நாட்டில் ரம்மியால் போன உயிர்களை நினைத்தால் அது தேவையான சட்டம். ஆனால் என் பேரன் எதையும் ஜெயிக்கப் பணம் கட்டவில்லையே. ஒரு சட்டை வாங்கினான். அது அந்தத் தடைக்குள் வராது. அதை வீட்டில் இருக்கும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே கொஞ்சம் பழசைப் பேசுகிறேன். சென்ற மாதக் கடைசியில் வைகுண்ட ஏகாதசி. நம்மில் பாதிப் பேர் சொர்க்கவாசல் கூட்டத்தில் நின்றோம். நான் சிறுவனாக இருந்தபோது அந்த ராத்திரி கண் விழிக்க வீட்டுக்கு வீடு பரமபதம் ஆடுவோம். சோழியைக் குலுக்கிப் போட்டு, ஏணியில் ஏறி, அசுரன் பெயர் வைத்த பாம்பில் சறுக்கி, விடிகிற வரைக்கும். எட்டு மணி நேர ஆட்டம். எந்தத் தகப்பனும் "கெட்டுப் போகிறான்" என்று சொன்னதில்லை. காரணம், பலகையின் உச்சியில் பரமபதம் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. பலகையைச் சுருட்டிப் பரணில் போட்டால் அடுத்த மார்கழிக்குத்தான் இறங்கும். 90களில் என் மகன் டிவியில் கேசட் செருகி மரியோ ஆடினான். எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டம், கடைசியில் இளவரசி. அதுவும் முடிந்தது.

பேரனின் ஆட்டத்தில் உச்சிக் கட்டம் எது என்று அவனிடம் கேட்டேன். "சீசன் முடிஞ்சா அடுத்த சீசன் வரும் தாத்தா" என்றான். அதாவது பரமபதம் கிடையாது. பாம்பும் ஏணியும் மட்டும்தான்.

முடிகிற ஆட்டங்கள் இப்போதும் வருகின்றனவா என்று பெங்களூரில் இருக்கும் மகனிடம் கேட்டேன். லீவில் வந்தபோது லேப்டாப்பில் நான்கைந்து போட்டுக் காட்டினான். பார்த்ததை உள்ளபடி சொல்கிறேன்.

முதலில் 'வெண்பா'. 2023இல் வந்தது. டொரன்டோவில் விசை கேம்ஸ் என்று ஒரு சிறு குழு செய்தது. 1988இல் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, மை அழிந்து கிடக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும், புட்டுக் குழலில் எது முதலில் போக வேண்டும் என்று நாம் யோசித்துச் சமைக்க வேண்டும். பின்னணியில் வானொலியில் நம் பழைய சினிமாப் பாட்டு மாதிரியே மெட்டுகள். அம்மா தமிழில் கேட்பாள், பையன் இங்கிலீஷில் பதில் சொல்வான். அந்த இடத்தில் இந்த ஹாலில் இருக்கும் எத்தனை தாத்தா பாட்டிகளுக்கு வாட்ஸ்ஆப் வீடியோ கால் ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதற்குச் சிறந்த அறிமுக கேம் விருது கொடுத்தது.

குறையும் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா என்று விமர்சகர்கள் சிலர் எழுதினார்கள். அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. சினிமாவுக்கு அதைவிடக் கூடக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறோம். என் குறை வேறு. வெண்பா என்ற அந்தப் பெண்ணை அடுப்படியைத் தாண்டி அதிகம் பார்க்க முடியவில்லை. கவின் வளர்ந்த பிறகு வரும் பகுதியில் ஓட்டம் அதிகம், இன்னும் கொஞ்சம் நின்று சொல்லியிருக்கலாம். என் மனைவியின் குறை, இட்லி அவிப்பதைப் புதிர் என்று சொன்னால் ஊர் சிரிக்கும் என்பது. ஆனால் முழுவதும் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் பேரன் அவளிடம், "பாட்டி, நம்ம வீட்ல புட்டுக் குழல் இருக்கா?" என்று கேட்டான். அதற்கு நான் எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அடுத்தது 'எக்ஸ்பெடிஷன் 33'. 2025 ஏப்ரலில் வந்த பிரெஞ்சு ஆட்டம். டிசம்பரில் ஆண்டின் சிறந்த கேம் என்று விருது வாங்கியது. வருஷம் ஒரு முறை ஒரு ஓவியக்காரி ஓர் எண்ணை எழுதுவாள். அந்த வயதுக்காரர்கள் எல்லாரும் புகையாக மறைந்துவிடுவார்கள். இப்போது எண் 33. 67 வயதுக்காரனான எனக்கு அந்த ஊரில் பூத் ஸ்லிப்கூட இருக்காது. பாட்டும் படமும் அபாரம். எதிரி ஓங்கும்போது சரியான நொடியில் பொத்தானை அழுத்தித் தடுக்க வேண்டும், என் விரலுக்கு அது நடக்கவில்லை. கடைசிப் பகுதியில் கதை ஒரு திருப்பம் திரும்புகிறது. அதுவரை நாம் பட்ட கவலையை அது கொஞ்சம் லேசாக்கிவிட்டது என்பது என் எண்ணம், மகன் ஒத்துக்கொள்ளவில்லை. இது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பேரனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பார்த்தோம்.

'பிளாக் மித்: வூகாங்' 2024 ஆகஸ்டில் வந்த சீனத்து ஆட்டம். குரங்கு வீரன் கதை. பேரனுக்கு அவர் ஆஞ்சநேயர்தான், சொல்லித் திருத்த முடியவில்லை. முதல் கால் மணியிலேயே அடி வாங்கி விழும் அளவுக்குக் கடினம். ஆனால் ஷான்சி மாகாணத்தில் நிஜமாக இருக்கும் பழைய கோயில்களையும் சிலைகளையும் அப்படியே அளந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். ஆட்டம் வந்த பிறகு அந்தக் கோயில்களைப் பார்க்க இளைஞர்கள் கூட்டமாகப் போனார்கள். நம் சேஷராயர் மண்டபத்துக் குதிரை வீரர்களை யாராவது இப்படிச் செய்தால் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். 'சில்க்சாங்' என்று ஒன்று, செப்டம்பரில் வந்தது, பூச்சி உலகம். அழகு. எனக்குப் பொறுமை இல்லை.

இந்த நான்கிலும் ஒரே விலை, ஒரே தடவை. முடிந்ததும் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. உடனே இதைத்தான் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் விலை, அதற்கேற்ற லேப்டாப்போ பெட்டியோ வேறு வேண்டும். நம் செக்யூரிட்டி அண்ணன் மகனும் என் பேரனும் ஒரே அணியில் ஆடுவது அந்த இலவச ஆட்டத்தில் மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ள இந்த வளாகத்தில் வேறு இடம் எங்கே?

இதைச் சொல்லும்போது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். விசிட்டர் பார்க்கிங் பக்கம் "பந்து விளையாடத் தடை" என்று ஒரு போர்டு இருக்கிறது. 2022இல் ஒரு கார் கண்ணாடி உடைந்த பிறகு வைத்தது. அந்தத் தீர்மானத்தில் பொருளாளர் என்று கையெழுத்துப் போட்டவன் நான். கண்ணாடிக்கு ஆன செலவைவிடப் பேரன் கேமில் விட்டது அதிகம்.

வைஃபை தீர்மானத்தை நான் எதிர்த்து வாக்களிக்கப் போகிறேன். வைஃபையை அணைத்தால் போனிலுள்ள டேட்டாவில் ஆடுவார்கள், அதுவும் மொட்டை மாடிப் படிக்கட்டில், நம் கண்ணுக்குப் படாமல். அதற்குப் பதிலாக மாலை நாலரை முதல் ஆறரை வரை விசிட்டர் பார்க்கிங்கில் வண்டி நிறுத்தக் கூடாது, பந்து ஆடலாம் என்று நானே ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். ரப்பர் பந்து மட்டும். ஏ பிளாக்கில் முகம் சுளிப்பது தெரிகிறது. பொதுக்குழுவில் சண்டை போடுவோம்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. உங்கள் போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். பதிந்த கார்டை எடுத்துவிடுங்கள். தெரியாவிட்டால் டிபன் வரிசையில் என்னிடம் போனை நீட்டுங்கள், இரண்டு நிமிஷ வேலை. பாஸ்வேர்டு உங்கள் வண்டி நம்பராக இருக்க வேண்டாம், என் பேரன் அதை ஒரே நாளில் கண்டுபிடித்தான்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இதே ஹாலில் புரொஜெக்டரில் 'வெண்பா' போடுகிறேன். பிள்ளைகள் ஆடட்டும், நாம் கூட உட்கார்ந்து குறை சொல்வோம். தனியாக அனுப்பாதீர்கள், பெரியவர் ஒருவர் உடன் வர வேண்டும். என் மனைவி புட்டு செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். லேப்டாப் இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள் கொஞ்சம் நீளமாக யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சி பிளாக் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுங்கள்.