மிச்சத் துணியில் பூவேலைப் போர்வை



சட்டை, பாவாடை தைத்தால் துண்டுத் துணி மிஞ்சுகிறது. அதைக் கரித்துணியாக்குகிறோம், இல்லையேல் வீசிவிடுகிறோம். கோணல்மாணலான அத்துண்டுகளையே இணைத்து, இணைப்பின் மேல் பூவேலை செய்து போர்வையாக்கும் முறைக்குக் 'கிரேசி குவில்ட்' என்று பெயர். 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பின், 1880-களில் இது அமெரிக்க வீடுகளில் பெரிதும் பரவியது.

அன்றைய பெண்கள் பட்டுத் துண்டுகளையே விரும்பினார்கள். கனமும் பளபளப்பும் வேண்டி, அக்காலப் பட்டில் உலோக உப்புகளை ஏற்றி விற்றார்கள். அந்த உப்பே நாளடைவில் பட்டை அரித்தது. மாதக்கணக்கில் போட்ட பூவேலை நிற்க, அடியிலிருந்த பட்டு இற்று உதிர்ந்தது. நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான்: துணி உறுதியாக இருந்தால்தான் உழைப்பு நிலைக்கும்.

ஆகவே, ஒவ்வொரு துண்டையும் இரு கைகளால் இழுத்துப் பாருங்கள். கிழிந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதுவும் வேண்டாம். மற்றவற்றைத் துவைத்துத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்முறை. துவைத்த பருத்தித் துணியில் 13 அங்குலச் சதுரம் ஒன்றை அடித்துணியாக வெட்டுங்கள். அதன் நடுவே ஐந்து பக்கமுள்ள துண்டு ஒன்றை, நல்ல பக்கம் மேலாக வையுங்கள். இரண்டாவது துண்டை அதன்மேல் கவிழ்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அடித்துணியும் சேரக் கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். பிறகு அதைப் புரட்டி, இஸ்திரி போட்டு, மிகுதியை வெட்டுங்கள். அடுத்த துண்டு, நடுத்துண்டின் அடுத்த பக்கத்தையும் முந்தைய துண்டின் முனையையும் மூட வேண்டும். இப்படியே ஒரே திசையில் சுற்றிவந்து சதுரத்தை நிரப்புங்கள்.

பின்னர் ஒவ்வொரு இணைப்பின் மேலும் இறகுத் தையல், சங்கிலித் தையல், ஹெர்ரிங்போன் தையல் என மாற்றி மாற்றிப் போடுங்கள். ஆறு இழை நூலில் மூன்று இழை போதும். வெற்றிடத்தில் ஒரு பூவோ பறவையோ போடலாம். ஓரத்தில் முக்கால் அங்குலம் விட்டுவிடுங்கள். பூவேலையில் துணி சற்றுச் சுருங்கும். எனவே, அது முடிந்த பின்னரே 12½ அங்குலமாக அளந்து வெட்டுங்கள்.

பன்னிரண்டு சதுரங்களை மூன்றுக்கு நான்காக இணைத்தால், 3 அடிக்கு 4 அடியில் குழந்தைப் போர்வை கிடைக்கும். பின்துணி வைத்து, ஆங்காங்கே நூலால் முடிச்சிட்டு, ஓரம் மடித்துத் தைத்துவிடுங்கள்.

இன்னொன்று. மறைந்த தாயாரின் சேலையைச் சேர்க்க ஆசை வரும். ஆனால் அதுவே இற்றிருக்கும். அதைப் போர்வையில் சேர்க்காதீர்கள். பின்னால் மெல்லிய பருத்தி வைத்துத் தனிச் சதுரமாகத் தைத்து, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். நெடுநாள் இருக்கும்.