சோம்பேறித்தனம் இல்லை



"காதுல குரல் கேக்குறதெல்லாம் நின்னுபோச்சு டாக்டர். ஆனா ஒரு வேலையும் செய்ய மாட்டேங்குறான். சுத்த சோம்பேறி." மனச்சிதைவு நோயாளிகளின் வீட்டார் அடிக்கடி சொல்லும் குறை இது. அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

துவரம்பருப்பு, புளி, தீப்பெட்டி வாங்கி வா என்று மகனைக் கடைக்கு அனுப்புகிறீர்கள். தெருமுனை திரும்புவதற்குள் புளி மறந்துவிடுகிறது. கடைக்காரர் விலை சொல்லும் நேரம் பார்த்து ஒரு ஹாரன் சத்தம், தீப்பெட்டியும் போச்சு. பருப்போடு மட்டும் வீடு திரும்பி வசவு வாங்குகிறார். இப்படியே நாலு தடவை நடந்தால், அடுத்த முறை கூப்பிடும்போது யார்தான் எழுந்து வருவார்கள்?

கவனமும் ஞாபகமும், ஒரு வேலையை வரிசையாக யோசித்துச் செய்யும் திறனும் தளர்ந்துபோவது இந்த நோயின் ஒரு பகுதி. பலருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கும் முன்பே, படிக்கிற வயதிலேயே இது தலைகாட்டிவிடும். 1950களில் வந்த குளோர்புரோமசின் முதல் இன்று வழக்கத்தில் உள்ள மாத்திரைகள் வரை, குரல்களையும் சந்தேகங்களையும் அடக்குகின்றன. ஞாபகத்தைப் பெரிதாக மீட்டுத் தருவதில்லை. அதற்கென்றே உருவாக்கிய ஐக்லெபர்டின் என்ற மருந்தும் பெரிய பரிசோதனைகளில் பலன் காட்டவில்லை என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள்.

ஆனால் பயிற்சி உதவுகிறது. கவனத்துக்கும் நினைவுக்குமான பயிற்சிகளைப் பயிற்சியாளர் கூடவே இருந்து செய்யவைக்கும் முறை உண்டு. அதை வேலைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுகிறது. சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியதும் இந்த நோயாளிகளின் மறுவாழ்வை மனதில் வைத்துத்தான்.

வீட்டில், ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்லுங்கள். சட்டைப்பையில் சீட்டு எழுதி வையுங்கள். பேசும்போது டிவியை அணைத்துவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அந்தப் பொறுமைதான் நமக்குக் கஷ்டம்.

இன்னொன்று. இந்த நோய்க்கான மருந்துகளால் வரும் கைநடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை சிலருக்கு ஞாபகத்தை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் போகும்போது, குரல் கேட்பதை மட்டும் சொல்லாமல், இந்தப் புளி, தீப்பெட்டிக் கதையையும் சொல்லுங்கள். அன்றாட வேலைகளை எப்படிச் செய்கிறார் என்பதை வைத்துத்தான் அங்கே மதிப்பிடுகிறார்கள்.