சாலையில் டிரெய்லர்



மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுவது நம் முன்னோர் அறிந்த கலை. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பும். மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். டிராக்டர் இழுக்கும் இரு சக்கர டிரெய்லருக்கும் இதே விதிதான். கரும்புக் கட்டுகளைப் பின்னால் குவித்தால் இணைப்புக் கொக்கி மேலே தூக்கப்படும்; டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும்; டிரெய்லர் இருபுறமும் ஆடும். ஆகவே அச்சுக்கு முன்னே பாரம் சற்று மிகுதியாக இருத்தல் வேண்டும். அதுவும் மிதமிஞ்சினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையில் ஊன்றாமல், திருப்பிய பக்கம் திரும்பா.

வயலில் திருப்புவதற்காக வலது, இடது பிரேக்குகளைத் தனித்தனியே மிதிக்கிறோம். சாலைக்கு ஏறுமுன் இரு மிதிகளையும் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும். இல்லையேல் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்க, பின்னிருந்து பாரம் தள்ள, வண்டி குறுக்கே திரும்பிவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசலை மிச்சம் பிடிப்பதோ வீண் சிக்கனம்!

இணைப்புப் பின்னுக்குப் பூட்டும், துணைக்குச் சங்கிலியும், பின்புறம் ஒளிரும் சிவப்புப் பட்டையும் அவசியம்.

2022 அக்டோபர் 1-ஆம் நாள் கான்பூர் அருகே, கோயிலுக்குச் சென்று திரும்பியோரின் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்தது. 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். டிரெய்லர் சரக்குக்கு உரியது. திருவிழா நாட்களில் கூடுதல் பேருந்து கேட்டுப் பணிமனைக்கு முன்கூட்டியே எழுதுவது நம் பஞ்சாயத்துகளால் இயலும் காரியமே.