நூறு மடங்கு உறவு

(பங்கின் யூபிலி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. கோயில் கட்டியவர்களுக்கு நன்றி சொல்கிறோம். மணி வாங்கித் தந்தவர்களுக்கும் பீடம் அமைத்தவர்களுக்கும் நன்றி சொல்கிறோம். ஆனால் மறைபோதகர்களைப் பெற்று அனுப்பிய தாய்மாரை நினைக்கிறோமா? இன்று நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் குருக்களாகவும் கன்னியர்களாகவும் வடநாட்டுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகிறார்கள். "அங்கே என் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?" என்பதே பெற்றவளின் முதல் கேள்வி. அது நியாயமான கேள்வி. அதற்குப் புனித தமியான் சுவாமிகளின் வாழ்வில் நான் கண்ட விடையை உங்கள் முன் வைக்கிறேன்.

பெல்ஜியம் நாட்டில் திரமேலோ என்ற சிற்றூரில் 1840-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் யோசேப்பு. பக்தியுள்ள பெரிய குடும்பம். அவருடைய அண்ணன் பாம்பீல் இயேசு மரியாயின் திரு இருதயங்களின் சபையில் குரு. தம்பியும் அதே சபையில் சேர்ந்து தமியான் என்ற பெயர் பெற்றார். ஹவாய்த் தீவுகளுக்குப் போகும்படி சபைத் தலைவர்கள் நியமித்தது அண்ணனைத்தான். அவர் காய்ச்சலில் விழுந்தார். இன்னும் குருப்பட்டம் பெறாத தம்பி, "அண்ணனுக்குப் பதிலாக என்னை அனுப்புங்கள்" என்று பாரீஸிலிருந்த பெரிய தலைவருக்கே நேரில் எழுதி அனுமதி பெற்றார். மாதா திருத்தலம் ஒன்றில் தாயிடம் விடைபெற்றுக் கப்பல் ஏறியபோது வயது 23. அதற்குப் பிறகு தாயும் மகனும் இவ்வுலகில் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை.

1864-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள், தம் பாதுகாவலரான சூசையப்பர் திருநாளன்று, ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். இரண்டு மாதத்தில் குருப்பட்டம் பெற்றார். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் குதிரை மீதும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார்; கோயில்கள் கட்டினார்; அம்மக்களின் மொழியைக் கற்றார். அவர்கள் அவரை 'கமியானோ' என்று தங்கள் நாவுக்கேற்ப அழைத்தார்கள். ஊரார் நம் பெயரைத் தங்கள் வாயால் மாற்றி அழைக்கத் தொடங்கினால், அந்த ஊர் நம்மை ஏற்றுக்கொண்டது என்று பொருள். நம் நாட்டுக்கு வந்த பெஸ்கி பாதிரியார் வீரமாமுனிவர் ஆனதும், தெ பிரித்தோ அருளானந்தர் ஆனதும் இப்படித்தானே!

அக்காலத்தில் ஹவாயில் தொழுநோய் பரவியது. 1865-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். நோய் கண்டவர்களைப் பிடித்து, 1866 முதல் மொலக்காய்த் தீவின் கலவுபாப்பா முனையில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று பக்கம் கடல். ஒரு பக்கம் சுவர்போல் நிமிர்ந்த மலை. அந்த நோய்க்கு ஹவாய் மக்கள் தங்கள் மொழியில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 'குடும்பத்தைப் பிரிக்கும் நோய்' என்பது அதன் பொருள். கணவனிடமிருந்து மனைவியையும், தாயிடமிருந்து பிள்ளையையும் அது பிரித்தது. ஆனாலும் நோயில்லாத மனைவிமாரும் கணவன்மாரும் சிலர், பிரிய மனமில்லாமல் துணையாகக் கூடவே போனார்கள். 'கோக்குவா', அதாவது துணைசெய்பவர் என்று அவர்களை அழைத்தார்கள். தமியான் சுவாமிகள் அங்கு போவதற்கு முன்பே அன்பு அங்கே போயிருந்தது. தங்களுக்கு ஒரு குருவானவர் வேண்டும் என்று கேட்டவர்களும் அந்த நோயாளிகளே.

மெக்ரே ஆண்டகை குருக்களிடம் நிலைமையைச் சொன்னார். நால்வர் முன்வந்தார்கள். மாறி மாறிச் சில காலம் இருப்பது என்று ஏற்பாடு. 1873 மே 10-ஆம் நாள் முதல்வராகப் போன தமியான் சுவாமிகள் திரும்பவேயில்லை. தங்க வீடில்லை, கோயிலருகே ஒரு தாழை மரத்தடியில் படுத்தார். 600-க்கும் மேற்பட்ட நோயாளிகள் அங்கே இருந்தார்கள். புண்களைக் கழுவினார், வீடு கட்டினார், தண்ணீர்க் குழாய் அமைத்தார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். பாடற்குழுவும் வாத்தியக்குழுவும் அமைத்தார். அவர்களுடைய கலயத்திலிருந்தே எடுத்து உண்டார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். தமக்கு நோய் கண்ட பின்புதான் அவர் பிரசங்கத்தில் 'தொழுநோயாளராகிய நாம்' என்று சொன்னார் எனப் பலரும் கூறுவார்கள். அப்படியல்ல. போய்ச் சேர்ந்த 1873-ஆம் ஆண்டிலேயே, தாம் பிரசங்கத்தில் அப்படித்தான் பேசுவதாக அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். நோய் வந்ததால் அவர் அந்தக் குடும்பத்தில் சேரவில்லை. முன்பே சேர்ந்துவிட்ட குடும்பத்தின் நோய் பின்னால் அவரையும் பற்றியது. 1884-இன் இறுதியில் கொதிநீர் பட்டும் காலில் வலி தெரியவில்லை. அடுத்த ஆண்டு மருத்துவர் நோயை உறுதிசெய்தார்.

அன்பர்களே, புதிய உறவு கிடைத்ததும் பழைய உறவு மறந்துபோகும் என்று எண்ண வேண்டாம். அந்த வேதனை பெரிது. பாவசங்கீர்த்தனம் கேட்க அருகில் ஒரு குரு இல்லை என்பதே அவருக்குப் பெருந்துயரம். ஒருமுறை கப்பலில் வந்த தம் சபைத் தலைவரை நாடிப் படகில் போனார்; கப்பலில் ஏற விடவில்லை. படகில் நின்றபடியே பிரெஞ்சு மொழியில் உரக்கத் தம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். 1886-இல் ஊரில் தாய் இறந்தார். தம் பொருட்டு வீட்டையும் உறவையும் விட்டவர்களுக்கு இம்மையிலேயே நூறு மடங்கு உறவு கிடைக்கும் என்று வாக்களித்த ஆண்டவர், துன்பமும் கூடவே வரும் என்பதை மறைக்கவில்லை.

வாக்களித்ததை ஆண்டவர் தரவும் செய்தார். 1886-இல் அமெரிக்காவிலிருந்து யோசேப்பு டட்டன் என்ற முன்னாள் போர்வீரர் வந்தார். சம்பளமில்லாமல், சபை வார்த்தைப்பாடும் இல்லாமல், 40 ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். 1888-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கொன்ரார்தி என்ற குரு வந்தார். அதே ஆண்டு நவம்பரில் அன்னை மரியான் கோப், பிரான்சிஸ்குவின் சபைச் சகோதரிகளோடு வந்து சேர்ந்தார். அவரும் 2012-இல் புனிதரானார். 1889 ஏப்ரல் 15-ஆம் நாள், பரிசுத்த வாரத்தில், தமியான் சுவாமிகள் 49-ஆம் வயதில் உயிர்நீத்தார். முதலில் படுத்த அதே தாழை மரத்தடியிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

1936-இல் பெல்ஜிய நாடு அவர் உடலைக் கேட்டுப் பெற்று லூவேன் நகரில் வைத்தது. 1995-இல் அவர் முத்திப்பேறு பெற்றபோது, அவருடைய வலக்கரம் மொலக்காய் மக்களிடம் திரும்பி வந்தது. 2009 அக்டோபர் 11-ஆம் நாள் திருத்தந்தை 16-ஆம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். புண்களைக் கழுவிய கை, கழுவப்பட்டவர்களின் மண்ணிலே இருக்கிறது. சட்டம் 1969-இல் நீங்கியது. எங்கும் போகலாம் என்ற பின்பும், பலர் இதுவே எங்கள் வீடு என்று அங்கேயே இருந்தார்கள்.

என் அன்பான பங்கு மக்களே! இந்த யூபிலியில் மூன்று காரியங்களை வேண்டுகிறேன். முதலாவது, நம் பங்கிலிருந்து மறைபணிக்குப் போன பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுங்கள். பணம் அனுப்ப முடியாவிட்டாலும், ஊர்ச் செய்தியை எழுதுங்கள். அவர்களுடைய பெற்றோரைத் திருநாளன்று போய்ப் பாருங்கள். இரண்டாவது, வேற்றூரிலிருந்து நம்மிடம் வந்திருக்கும் குருக்களையும் கன்னியர்களையும் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்களையும் விருந்தாளி என்று திண்ணையில் நிறுத்தாமல் வீட்டு மனிதராக உள்ளே அழையுங்கள். மறைபோதகருக்கு ஆண்டவர் வாக்களித்த நூறு மடங்கு உறவு வானத்திலிருந்து விழுவதில்லை; நம் வீட்டு வாசலில்தான் அது கிடைக்க வேண்டும். மூன்றாவது, தொழுநோயை விரட்ட இன்று கூட்டு மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள். அது குணமாகும் நோய். குணமானவரையும் பந்தியில் தள்ளி உட்காரவைக்கும் வழக்கம் இன்னும் எங்காவது இருக்குமானால், அது நோயைவிடக் கொடியது. குடும்பத்தைப் பிரிப்பது அப்போது கிருமியல்ல, நாம்தான்.

"அங்கே என் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கும் தாய்க்கு என் விடை இது: அம்மா, உன் பிள்ளை யாருக்காகப் போகிறானோ, அவர்களே அவனுக்கு இருப்பார்கள். இங்கே நம்மை நாடி வந்தவர்களுக்கு நாம் இருப்போம்.

புனித தமியானே, எங்கள் பங்குக் குடும்பத்திற்காக வேண்டிக்கொள்ளும்.